ஸ்லைடுக்கென்றே ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: எதை எடுக்கிறது, எப்படிச் செட் பண்ணுறது?

வாவிக்கரை (கல்லடி)

ஸ்லைட் (விரலில் மாட்டிக் கம்பி மேலே வழுக்குற குழாய்) வாசிக்கிறதுக்கு மட்டும் தனியாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வைக்க யோசனை. மட்டக்களப்பில் பாவித்த கிட்டார் மூன்று பார்க்கக் கிடைத்தது, மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்லுறாங்க.

ஒன்று ஸ்குவாயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். விரல்பலகை வளைவு (ஆரம்) 9.5 அங்குலம், டிரமலோ (கம்பிகளை ஒன்றாக ஆட்டிச் சுருதியை அசைக்கிற பாகம்) மிதந்து நிற்குது, பிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) எல்லாம் நல்லம். மற்றது எபிஃபோன் எஸ்.ஜி. முதல் ஐந்து பிரெட்டும் நல்லாத் தேஞ்சு குழி விழுந்திருக்கு, மற்றபடி பழுதில்லை. மூன்றாவது ஐபனேஸ், பூட்டுப் போடுற ஃபிளாய்ட் வகை டிரமலோ, புதிசு போலக் கிடக்கு.

டியூனிங் ஓப்பன் டி, ஓப்பன் ஈ இரண்டில் ஒன்றைத்தான் அதிகம் வைப்பேன் (வெறுங்கம்பிகளை அடிச்சாலே ஒரு கோர்ட் கேட்கும்), இடைக்கிடை ஓப்பன் ஜி. சுண்டுவிரலில் ஸ்லைட், மற்ற மூன்று விரலால் சில இடத்தில் அமத்தியும் வாசிக்க வேணும். எதை எடுக்கலாம்? எத்தினையாம் நம்பர் (தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை) கம்பி? நட்டை (தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கிற கட்டை) தூக்கிறதா, பிரிட்ஜை (உடல் பக்கத்தில் தாங்கிறது) தூக்கிறதா?

மீன்பாடும் தந்தி (மட்டக்களப்பு)

எஸ்.ஜி.யை எடுங்க தம்பி. பிரெட் தேஞ்சிருக்கு என்று மற்றவன் விட்டுட்டுப் போற கிட்டார்தான் ஸ்லைடுக்கு லாபம். ஸ்லைட் பிரெட்டைத் தொடுறதே இல்லை. சத்தம் உண்டாகிற இடம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியில ஸ்லைட் படுற கோடு. அடியில இருக்கிற உலோகம் குழியா மேடா என்றது அதுக்குத் தேவையில்லை. விரலால அமத்தி வாசிக்கிற இடத்தில மட்டும் கொஞ்சம் இரையும். கம்பியை உயர்த்தினதும் அதிலயும் பாதி போயிடும்.

ஐபனேஸ் வேண்டாம். ஃபிளாய்ட் வகையில பூட்டைத் திறந்து, ஓப்பன் டியுக்கு நாலு கம்பியை இறக்கி, திரும்பப் பூட்டி, சின்னத் திருகில சரி பண்ண வேணும். இறக்க இறக்கப் பின்னால இருக்கிற ஸ்பிரிங் பிரிட்ஜை இழுக்கும், இறக்காத இரண்டு கம்பியும் மேலே ஏறும். அதைச் சரி பண்ணினா மற்ற நாலும் மாறும். ஒரு டியூனிங்கில நிரந்தரமா வைச்சாலும் ஒரு கம்பி அறுந்தா ஆறும் போச்சு. விரல்பலகை நல்ல தட்டையாத்தான் இருக்கும், அந்த ஒரு நன்மைக்காக இந்தப் பாட்டைப் படத் தேவையில்லை.

எஸ்.ஜி.யில நிலையான பிரிட்ஜ், 12 அங்குல வளைவு. இரண்டு பக்கமும் வெட்டு இருக்கிறதால 12ஆம் பிரெட்டுக்கு மேலேயும் கை தாராளமாப் போகும். ஓப்பன் டியூனிங்கில 12ஆம் பிரெட்டும் அதுக்கு மேலே 15, 17உம் அடிக்கடி தேவைப்படுற இடம். ஸ்லைடுக்குப் பேர்போன டுவேன் ஆல்மனும், அவருக்குப் பிறகு டெரெக் டிரக்ஸும் ஓப்பன் ஈயில எஸ்.ஜி.யைத்தான் ஸ்லைடுக்குப் பிடிச்சாங்க.

வாங்க முதல் பார்க்க வேண்டியது இதுகள். கிட்டாரைக் கண்ணுக்கு நேரே பிடிச்சு, நட் பக்கமிருந்து பிரிட்ஜைப் பாருங்க. நட்டின் கோடும் பிரிட்ஜின் கோடும் ஒன்றுக்கொன்று சரியாமத் தெரிய வேணும். சரிஞ்சிருந்தா நெக் முறுகியிருக்கு, விட்டிடுங்க. மறுகா டிரஸ் ரொட் (நெக்குக்குள்ள ஓடுற, நெக்கின் வளைவைச் சரி பண்ணுற இரும்பு) மூடியைக் கழட்டி, அந்த ரொட்டின் திருகு இரண்டு பக்கமும் கால் சுற்றுத் திரும்புதா என்று பாருங்க. இறுகி முடிஞ்சுபோன ரொட்டில பாரமான கம்பி போட ஏலாது. பிரிட்ஜ் தாங்கிற இரண்டு தூணும் முன்னுக்குச் சாய்ஞ்சிருக்கா, தலைப்பக்கம் ஒடிஞ்சு ஒட்டின கோடு இருக்கா என்றதையும் பாருங்க. எஸ்.ஜி. வகைத் தலை பின்னுக்குச் சரிஞ்ச தலை, விழுந்தா நட்டுக்குப் பின்னாலதான் வெடிக்கும்.

கம்பிக்காரன் (கல்முனை)

அண்ணன் சொன்னதில் ஐபனேஸைப் பற்றி எனக்கும் அதே கருத்து. ஸ்ட்ராட்டை அப்படிக் கைவிட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 648 மி.மீ., எஸ்.ஜி.யின் நீளம் 628. அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும், ஆகவே எஸ்.ஜி.யில் 6 வீதம் குறைவு. ஸ்லைடுக்கு இழுவை முக்கியம். தொய்ந்த கம்பி ஸ்லைடின் பாரத்தில் கீழே போய் பிரெட்டில் முட்டும்.

இரண்டாவது, வளைவு. ஸ்லைட் நேர்க்குழாய், விரல்பலகை வளைந்தது. பிரிட்ஜில் கம்பிகளின் மொத்த அகலம் 52 மி.மீ. என்று எடுத்தால், நடுக்கோட்டை விட விளிம்புக் கம்பி கீழே நிற்கும் அளவு இப்படி வரும்: 7.25 அங்குல வளைவில் 1.8 மி.மீ., 9.5 இல் 1.4, 12 இல் 1.1, 16 இல் 0.8. அந்த இடைவெளி அளவுக்கு நடுக் கம்பிகளை அமத்தினால்தான் விளிம்புக் கம்பியில் ஸ்லைட் ஒழுங்காகப் படும். பழைய பாணி 7.25 அங்குல வளைவுக் கிட்டாரில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு முதலாம் (மிக மெல்லிய) கம்பி கரகரப்பது இதனால்தான்.

ஸ்ட்ராட்டில் ஆறு சேடிலும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) தனித்தனியே உயரும். 9.5 வளைவில் முதலாம், ஆறாம் சேடிலை 0.7 மி.மீ. கூடுதலாகவும், இரண்டாம், ஐந்தாம் சேடிலைக் கால் மி.மீ. கூடுதலாகவும் உயர்த்தினால் பிரிட்ஜில் வளைவு பாதியாகக் குறையும். முழுத் தட்டையாக்க வேண்டாம். விளிம்புக் கம்பியை விரலால் அமத்தவே முடியாமல் போகும்.

டிரமலோவை மிதக்க விடக் கூடாது. பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை ஐந்தாக்கி, ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும் நகத்தட்டின் திருகு இரண்டையும் மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கி, பிரிட்ஜின் அடித்தட்டு உடலோடு ஒட்டி உட்காரும் வரை கொண்டு போங்கள். அதற்கு மேலும் ஒரு முழுச் சுற்று. அப்போது கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் அசையாது.

இதில் பலரும் மாட்டுப்படும் இடம் ஒன்று. உயர்த்திக்கொண்டு போகும்போது சேடிலின் சின்னத் திருகு இழை விட்டு ஆடத் தொடங்கும், கம்பி அடித்தால் 'சிர்' என்று ஒரு இரைச்சல். 8 மி.மீ. நீளத் திருகுக்குப் பதில் 12 மி.மீ. எம்3 திருகு போடுங்கள். ஸ்குவாயரில் பெரும்பாலும் 1.5 மி.மீ. அலன் சாவிதான் சேரும்.

மீன்பாடும் தந்தி (மட்டக்களப்பு)

கணக்கு சரி தம்பி. ஸ்ட்ராட்டும் பிழையில்லைதான். லோவல் ஜார்ஜ், பொனி ரெயிட் இரண்டு பேரும் ஸ்ட்ராட்டில வாசிச்சவங்கதான். ஆனா கல்லடித் தம்பிக்கு முன்னால இருக்கிற ஸ்ட்ராட்டுக்கு பிரெட் நல்லம். ஸ்லைடுக்கு அந்த நல்ல பிரெட் வீண். 6 வீத இழுவையைக் கம்பியில ஒரு நம்பர் கூட்டி எடுத்திடலாம்.

எஸ்.ஜி. பிரிட்ஜில சேடிலைத் தனித்தனியே உயர்த்த ஏலாது என்றது உண்மை. அங்கே எதிர்ப் பக்கமாச் செய்ய வேணும். மூன்றாம், நாலாம் சேடிலின் வெட்டை ஊசி அரத்தால அரை மி.மீ. ஆழமாக்கி, பிறகு முழுப் பிரிட்ஜையும் உயர்த்துறது. 12 அங்குல வளைவில அதுவே போதும். அரம் வால்பக்கமாச் சரிய வேணும். கம்பி சேடிலை விட்டு எழும்புற முனை நட்டைப் பார்த்த பக்கம் இருக்கணும். மற்றப்படி ஆனா சிதார் போல இரையும்.

எஸ்.ஜி.யின்ட உண்மையான குறை இன்னொன்று. நின்று வாசிச்சா தலை கீழே விழும். சாதாரண வாசிப்பில இடது கை அதைத் தாங்கிடும். ஸ்லைடில இடது கை கிட்டாரைத் தாங்கக் கூடாது, தாங்கினா ஸ்லைட் நடுங்கும். 7, 8 செ.மீ. அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் பட்டி போடுங்க. நைலோன் பட்டி வழுக்கும்.

வாவிக்கரை (கல்லடி)

இரண்டு பேருக்கும் நன்றி. எஸ்.ஜி. பக்கம்தான் மனம் போகுது. ஓப்பன் டியா ஈயா என்றதையும் கம்பி நம்பரையும் சொல்லுங்க அண்ணன். 11 செட் ஒன்று வீட்டில கிடக்கு.

மீன்பாடும் தந்தி (மட்டக்களப்பு)

ஓப்பன் ஈ என்றா ஆறாம் கம்பியிலிருந்து ஈ பி ஈ ஜி-ஷார்ப் பி ஈ. சாதாரண டியூனிங்கிலிருந்து மூன்று கம்பி மேலே ஏறுது: ஏ இரண்டு அரைச்சுரம், டி இரண்டு, ஜி ஒன்று. இரண்டு அரைச்சுரம் ஏத்தினா அந்தக் கம்பியின் இழுவை 26 வீதம் கூடும், ஒன்று ஏத்தினா 12 வீதம். வழமையான 11 செட்டை அப்படியே ஏத்தினா நாலாம், ஐந்தாம் கம்பி நெக்கைப் பிடிச்சு இழுக்கும், முதலாம் கம்பி அதே தொய்வில நிற்கும். கைக்கு ஒழுங்கு வராது.

ஓப்பன் டி அதே அமைப்பு, இரண்டு அரைச்சுரம் கீழே: டி ஏ டி எஃப்-ஷார்ப் ஏ டி. இங்கே நாலு கம்பி இறங்குது. இரண்டு இறக்கினா இழுவை 21 வீதம் குறையும். அதாலதான் டியுக்குப் பாரமான கம்பி வேணும். எஸ்.ஜி.யின் 628 மி.மீ. நீளத்துக்கு நான் சொல்லுறது 13, 17, 20, 34, 46, 54. கடையில 12, 16, 20, 34, 46, 54 என்று வாற செட்டை எடுத்து, முதல் இரண்டுக்கு மட்டும் 13உம் 17உம் தனிக் கம்பி வாங்கிப் போடலாம். அப்ப முதல் மூன்று கம்பியிலயும் இழுவை ஒவ்வொன்றிலயும் ஏறத்தாழ 9 கிலோ வரும், ஸ்லைட் மூன்றையும் ஒரே மாதிரி உணரும். இந்தச் சமன் தான் முக்கியம், மொத்தப் பாரம் இல்லை.

ஈயில நிற்கத்தான் வேணும் என்றா 11, 15, 18, 26, 36, 48. வீட்டில கிடக்கிற 11 செட்டிலிருந்து முதலாம் கம்பியை அதுக்கு வைச்சுக்கொள்ளுங்க.

மூன்றாம் கம்பியைச் சுத்தின கம்பியா எடுக்காதீங்க. 20 நம்பர் வெறுங்கம்பியை விரலால அமத்தினா சுரம் கொஞ்சம் மேலே போகும் என்று சொல்லித்தான் பலர் சுத்தின கம்பிக்குப் போறது. ஸ்லைடில அந்தப் பிரச்சினை இல்லை, சுத்தின கம்பியின் வரி வரியான மேற்பரப்பில ஸ்லைட் உரசுற 'சர்ர்' தான் பிரச்சினை. மூன்றாம் கம்பி ஓப்பன் டி, ஈ இரண்டிலயும் காந்தாரம் நிற்கிற கம்பி, அது சுத்தமா இருக்க வேணும்.

என்ட தெரிவு டி. புளூஸ் வாசிச்ச எல்மோர் ஜேம்ஸின்ட அதே டியூனிங். ஈயில பாட வேணும் என்றா இரண்டாம் பிரெட்டில கேப்போ (கம்பிகளை ஒன்றா அமத்துற கவ்வி). நட் உயர்ந்த கிட்டாரில கேப்போ போட்டா கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும், போட்ட பிறகு ஒருக்கா சரி பார்க்க வேணும். டியிலிருந்து ஓப்பன் ஜியுக்குப் போக மூன்று கம்பி மட்டும்: ஐந்தாம் கம்பி ஏயிலிருந்து ஜிக்கு இறங்குது, மூன்றாம் கம்பி எஃப்-ஷார்ப்பிலிருந்து ஜிக்கு, இரண்டாம் கம்பி ஏயிலிருந்து பிக்கு ஏறுது. 17 நம்பர் கம்பி அந்த ஏற்றத்தைத் தாங்கும்.

சேடில் சாவி (அக்கரைப்பற்று)

செட்டப்பை வரிசையாக யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஒழுங்குமுறை மாறக் கூடாது. ஒன்று மற்றதைத் தள்ளும்.

புதுக் கம்பியைப் போட்டு, வாசிக்கப்போற டியூனிங்கிலேயே ஏற்றி, ஒரு நாள் விடுங்கள். சாதாரண டியூனிங்கில் வைத்து நெக்கைச் சரி பண்ணிவிட்டுப் பிறகு ஓப்பன் டிக்கு இறக்கினால் வேலை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

முதலில் நெக். முதலாம் பிரெட்டில் கேப்போ போட்டு, கடைசிப் பிரெட்டில் கம்பியை அமத்தி, 7ஆம், 8ஆம் பிரெட்டில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடைவெளியை அளவுங்கள். மோட்டார் சைக்கிள் வால்வு இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ் இதற்கும் அதேதான், 0.25 மி.மீ. தகடு உரசிப் போனால் சரி. பாரமான கம்பியில் நெக் முன்னுக்கு வளையும், டிரஸ் ரொட்டை வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று இறுக்கி, பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஸ்லைடுக்கு நெக் வளைந்திருந்தால் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. வளைந்த நெக்கில் 5 முதல் 9ஆம் பிரெட் வரை கம்பி அதிக உயரம், 15 இல் குறைவு. கை ஒவ்வொரு இடத்திலும் வேறு அழுத்தம் கொடுக்க வேண்டி வரும்.

அடுத்தது பிரிட்ஜ். 12ஆம் பிரெட்டில் அளவுங்கள். சாதாரணமாக முதலாம் கம்பி 1.6 மி.மீ., ஆறாம் கம்பி 2 மி.மீ. அளவில் இருக்கும். ஸ்லைடும் விரலும் கலந்து வாசிக்க 2.4 முதல் 2.8. ஸ்லைட் மட்டும் என்றால் 3.5 வரை போகலாம். அளவுகோல் கண்ணை ஏமாற்றும். 2.5 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான அடிப்பக்கத்தைக் கம்பிக்கும் 12ஆம் பிரெட்டுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள், கம்பியைத் தூக்காமல் தொட்டு நின்றால் 2.5. பிரிட்ஜை 2 மி.மீ. உயர்த்தினால் 12 இல் 1 மி.மீ. தான் உயரும் என்பதை நினைவில் வையுங்கள். கம்பி இறுகியிருக்கும்போது எஸ்.ஜி. பிரிட்ஜின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லைத் திருப்ப வேண்டாம், இரண்டு சுற்றுத் தளர்த்தி விட்டுத் திருப்புங்கள். இல்லாவிட்டால் சில்லின் இழை தேயும். பிரிட்ஜ் உயர்ந்ததும் அதற்குப் பின்னால் கம்பியின் முனையைப் பிடிக்கும் வால்பிடியையும் உயர்த்த வேண்டும், கம்பி பிரிட்ஜின் பின்விளிம்பில் முட்டக் கூடாது.

நட் கடைசியில்தான். பிரிட்ஜை உயர்த்தினால் முதல் மூன்று பிரெட்டில் பெரிதாக ஒன்றும் மாறாது, அங்கேதான் ஸ்லைட் 'டக்' என்று முட்டும். முதலாம் பிரெட்டுக்கு மேலே வழமையில் அரை மி.மீ. கூட இருக்காது. அதை 0.8 ஆக்கினால் போதும். நட்டை எடுக்க, அதன் இரண்டு பக்க ஓரத்திலும் பிளேட்டால் பூச்சைக் கீறி, விரல்பலகைப் பக்கமிருந்து சின்ன மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். அடியில் 0.4 மி.மீ. தடிப்புள்ள பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு, நட்டின் அகலத்துக்கு வெட்டி, ஒரே ஒரு துளி சூப்பர் குளூ. எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம். கடதாசி மடித்து வைக்க வேண்டாம், நம்முடைய ஈரப்பதனில் ஊறி அமுங்கி விடும்.

13 நம்பர் கம்பிக்கு நட்டின் வெட்டு 15 அளவு அகலமாவது வேண்டும். வெட்டு ஒடுக்கமாக இருந்தால் டியூன் பண்ணும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு சுரம் தாவும். பழைய சுத்தின கம்பித் துண்டு ஒன்றை அரம் போல வெட்டுக்குள் இழுத்து அகலமாக்குங்கள், ஆழமாக்க வேண்டாம். பிறகு பென்சில் தூளைத் தடவுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

இன்டனேஷன் (ஒவ்வொரு பிரெட்டிலயும் சுருதி சரியா நிற்கிறது) எப்படிப் பார்க்கிறது? ஸ்லைட் 12இல வைச்சாலும் ஆறாம் கம்பி கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரிக் கேட்கும் என்று சொல்லுறாங்களே.

சேடில் சாவி (அக்கரைப்பற்று)

கேட்பது உண்மைதான், காரணமும் இருக்கிறது. விரலால் அமத்தினால் கம்பி நீண்டு சுரம் ஏறும். அதை ஈடு செய்யத்தான் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுவது. தடித்த கம்பிக்குக் கூடுதலாக, மெல்லிய கம்பிக்குக் குறைவாக. ஸ்லைட் கம்பியை அமத்தி இழுப்பதில்லை. அப்போது அந்த ஈடு கேடாக மாறும். 648 மி.மீ. கிட்டாரில் ஆறாம் சேடில் 3 மி.மீ. பின்னே நின்றால், 12ஆம் பிரெட்டுக்கு நேரே ஸ்லைட் வைத்தபோது சுரம் ஏறத்தாழ 8 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒன்று ஒரு செண்ட்) கீழே போகும். முதலாம் சேடில் 1 மி.மீ. பின்னே நின்றால் 3 செண்டுக்கும் குறைவு. ஒரே நேர்க்குழாயில் இரண்டுக்கும் 5 செண்ட் வித்தியாசம். மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரில் பிரிட்ஜ் ஏன் நேர்கோடாக இருக்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

விரலாலும் வாசிப்பதென்றால் சேடில்களை இரண்டுக்கும் நடுவே வையுங்கள். ஸ்லைட் மட்டும் என்றால் ஆறையும் கிட்டத்தட்ட ஒரே வரிசைக்குக் கொண்டு வாருங்கள்.

கம்பிக்காரன் (கல்முனை)

ஸ்லைட் பற்றி.

ஒரே அளவுக் குழாய், வெளி விட்டம் 24 மி.மீ., உள் விட்டம் 18, நீளம் 65 என்று எடுத்தால், பைரெக்ஸ் கண்ணாடியில் 29 கிராம் வரும், பித்தளையில் 109 கிராம். ஏறத்தாழ நாலு மடங்கு. பித்தளை தரும் நீண்ட நாதம் இந்தப் பாரத்திலிருந்து வருகிறது, பிரெட்டில் முட்டும் சத்தமும் இதே பாரத்திலிருந்துதான். கம்பி உயரம் 2.5 மி.மீ. என்றால் சுண்டுவிரலுக்கு 110 கிராம் அதிகம். தடித்த கண்ணாடி அல்லது 60, 70 கிராம் உலோகம் எடுங்கள். ஆல்மன் பிடித்தது சின்ன மருந்துப் போத்தல். லோவல் ஜார்ஜ் பிடித்தது ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கட். விலை ஒரு பொருட்டில்லை, உள்விட்டமும் தடிப்பும்தான் பார்க்க வேண்டியது.

கடைச் சாமான் கிடைக்காவிட்டால் ஹார்ட்வெயாரில் அரை அங்குல ஜி.ஐ. குழாய். வெளி விட்டம் 21.3 மி.மீ., உள்ளே 16 அளவு, நடுத்தரத் தடிப்பில் 60 மி.மீ. நீளத் துண்டு 73 கிராம் வரும். சுண்டுவிரலுக்கு அளவான பாரம். உள்ளே நீளவாக்கில் ஒட்டுத் தழும்பு இருக்கும், வட்ட அரத்தால் அராவி எடுங்கள். வெளியே நாகப் பூச்சின் சொரசொரப்பை 240 நம்பர் அரத்தாளில் தொடங்கி 400, 800, 1200 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பித்தளைப் பாத்திரம் மினுக்கும் பொலிஷ். தேய்க்கும் திசை குழாயைச் சுற்றி இருக்க வேண்டும். ஸ்லைட் கம்பியின் வழியே நகர்வதும் அந்தச் சுற்றுத் திசையில்தான், கோடுகளும் அதே திசையில் கிடந்தால் கம்பி குறுக்கே ஏறி இறங்காது. 60 மி.மீ. நீளம் ஆறு கம்பியையும் மூடிக் கொஞ்சம் மிஞ்சும். பூச்சு போன இரும்பு துருப்பிடிக்கும், வாசித்து முடிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

விரலுக்கு ஸ்லைட் தளர்வாக இருந்தால் உள்ளே மெல்லிய தோல் துண்டு ஒட்டலாம். பஞ்சு வேண்டாம், வியர்வையில் ஊறும்.

மாமாங்கத்து வயர்

மின் பக்கம் நான் சொல்றன். கம்பியைத் தூக்கினதும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கிற காந்தச் சுருள்) தூரமாயிடும், சத்தம் மெலியும். பிக்கப்பையும் தூக்க வேணும். வழமையில கடைசிப் பிரெட்டை அமத்திப் பிடிச்சுத்தான் பிக்கப் உயரம் அளப்பாங்க. ஸ்லைடில கம்பி அந்த அளவுக்குக் கீழே வாறதே இல்லை, அதால வெறுங்கம்பியை வைச்சு அளவுங்க. பிரிட்ஜ் பிக்கப் 3 மி.மீ.யில தொடங்கி, காதால கேட்டுக் கேட்டுத் தூக்குங்க.

பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில மூன்றாம் கம்பியின் காந்தம் மற்றதை விட உயரமா நிற்கும். அந்தக் காலத்தில மூன்றாம் கம்பி சுத்தின கம்பி, அதுக்கு ஏத்தின உயரம் அது. 20 நம்பர் வெறுங்கம்பி போட்டா மூன்றாம் கம்பி மட்டும் கத்தும். எஸ்.ஜி.யின் ஹம்பக்கரில (இரட்டைச் சுருள் பிக்கப்) திருகுக் காந்தம் என்றதால இந்தத் தொல்லை இல்லை, திருகித் தாழ்த்திடலாம்.

இன்னொரு விசயம் பலருக்குப் பிடிபடுறதில்லை. கையைக் கம்பியில இருந்து எடுத்தா இரைச்சல் கூடுதா? கம்பி பிரிட்ஜ் வழியா எர்த்துக்குப் போகுது, உங்கட உடம்பு கம்பியைத் தொட்டதும் நீங்களும் எர்த். உலோக ஸ்லைட் என்றா அதுவே அந்தத் தொடுப்பைத் தரும். கண்ணாடி ஸ்லைடும் பிளெக்ட்ரமும் என்றா உடம்பு எங்கேயும் தொடாது, இரைச்சல் வரும். ஸ்லைடுக்குப் பின்னால மற்ற மூன்று விரலையும் கம்பியில மெதுவாப் படுத்தி வைச்சா அது போயிடும். அந்த விரல் எப்படியும் அங்கே இருக்க வேணும், ஸ்லைடுக்கும் நட்டுக்கும் நடுவில கம்பி ஊளையிடுறதை அடக்கிறதும் அதுதான். இதெல்லாம் அம்ப் ஒழுங்கா எர்த் ஆன மூன்று முள் பிளக்கில இருந்தா மட்டும். எர்த் இல்லாத பழைய அம்பில கம்பியைத் தொட்டபடி மைக்கைத் தொட வேண்டாம், உயிராபத்து.

பிக்கப் மாத்திறதைப் பற்றி இப்ப யோசிக்க வேண்டாம். ரை கூடர் தன்ட ஸ்ட்ராட்டில பழைய லாப் ஸ்டீல் பிக்கப்பைப் பிரிட்ஜில போட்டு எடுத்த சத்தத்தைக் கேட்டு ஆசை வரும், அது பிறகு செய்யலாம். முதல்ல டோனைப் பாதிக்குக் குறைச்சு, அம்பில கெயினைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்க. கெயினின் அமுக்கம்தான் ஸ்லைட் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்.

வீணைப்பிள்ளை (காரைதீவு)

வணக்கம். கர்நாடக இசையை ஸ்லைடில் வாசிக்க இதே செட்டப் சரிவருமா? சித்திரவீணையில் வரும் ஜாருவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குதல்) கமகமும்தான் என் நோக்கம். ஓப்பன் டியில் எஃப்-ஷார்ப் எப்போதும் கூடவே ஒலிக்கிறது, கரகரப்பிரியாவில் அது காதைக் குத்துகிறது.

கம்பிக்காரன் (கல்முனை)

குத்தத்தான் செய்யும். டியைச் சட்சமாக வைத்தால் எஃப்-ஷார்ப் அந்தர காந்தாரம். சங்கராபரணத்துக்குச் சரி, கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரத்துக்கு ஒட்டாது. மூன்றாம் கம்பியை ஏக்கு ஏற்றி விடுங்கள்: டி ஏ டி ஏ ஏ டி. ச ப ச ப ப ச என்று காந்தாரமே இல்லாத சுருதி. அந்தக் கம்பியின் வழமையான ஜிக்கு மேலே இரண்டு அரைச்சுரம் என்பதால் 20 நம்பர் கம்பியை அங்கே வைக்க வேண்டாம், 17 போடுங்கள். இரண்டாம் கம்பியும் அதே சுரம்தான், அதே நம்பர்.

கமகத்துக்குக் கம்பி உயரம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அசைவு வேகமாகும்போது கையின் அழுத்தம் கூடும், தாழ்ந்த கம்பி பிரெட்டில் இடறி அந்த இடத்தில் சுரம் படி போல உடையும். மடியில் வைத்து வாசிக்கிறதென்றால் நட்டின் மேல் கவிழ்க்கும் உலோக நட் நீட்டி கிடைக்கும், கம்பியை எல்லாம் ஒரே மட்டத்தில் தூக்கி விடும். குழாய்க்குப் பதில் பாரமான உருண்டை ஸ்டீல் கட்டை. அப்போது நெக்கின் வளைவு, தேய்ந்த பிரெட் எதுவுமே கணக்கில் இல்லை. விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் மடியில் வைத்து வாசிக்கிற கிட்டார்தான்.

வாவிக்கரை (கல்லடி)

எஸ்.ஜி.யைத்தான் எடுக்கப்போறன். கடைசியா ஒரு கேள்வி. வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக் காத்தில கம்பி ஒரு கிழமையில கறுத்துப் போகுது.

சேடில் சாவி (அக்கரைப்பற்று)

துரு பிடித்த கம்பியில் ஸ்லைட் போட்டால் முழுக்க உரசல்தான் கேட்கும், இந்த வேலைக்குக் கம்பி சுத்தம் மற்ற வாசிப்பை விட முக்கியம். பூச்சுப் போட்ட கம்பி விலை கூடினாலும் கரையோரத்தில் அதுவே மலிவு. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டு இழுத்துத் துடையுங்கள். பிரிட்ஜ் சில்லு, சேடில் திருகு, பிக்கப் திருகு எல்லாவற்றுக்கும் ஊசி முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இறுகிய திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பித் தலையை உடைத்து விட வேண்டாம். எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள்.

மாரி தொடங்கும்போதும், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி ஒரு கிழமை போனதும் அந்த 0.25 மி.மீ. தகட்டைத் திரும்ப விட்டுப் பாருங்கள். நெக் அசையும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் தேவைப்படாது.

மீன்பாடும் தந்தி (மட்டக்களப்பு)

வாங்கிக் கொண்டு வந்த உடனே பழைய கம்பியைக் கழட்ட முதல், 12ஆம் பிரெட் உயரத்தையும் பிரிட்ஜ் சில்லு இரண்டும் நிற்கிற உயரத்தையும் அளந்து ஒரு தாளில எழுதி வையுங்க தம்பி. கம்பியை ஒவ்வொன்றாக் கழட்டி மாத்துங்க. ஆறையும் ஒரேயடியாக் கழட்டினா எஸ்.ஜி.யின் பிரிட்ஜும் வால்பிடியும் கையோட கழண்டு வரும், எந்தப் பக்கம் எது நின்றது என்று தெரியாமப் போயிடும்.